கண்ணாடித் தம்ளர் படம் போட்ட சுவர்

மலேசியாவில், குளுவாங் ஊரில், தாமான் என்கிற குடியிருப்பில் நாங்கள் இருந்த வீட்டு ஹாலில் ஒரு சுவர் இருந்தது. அதில் பெரிய ஆணி அடிக்கக் கூடாது. கனமான படம் மாட்டக் கூடாது. முக்கியமாக, யாரும் அதில் சாயக் கூடாது. யாரும் சாய்ந்துவிடக் கூடாதே என்று என் வீட்டுக்காரர் தன் பிரம்பு நாற்காலியை அந்தச் சுவர் ஓரமாகவே போட்டு வைத்திருந்தார். விருந்தாளி யார் வந்தாலும் அவர் முந்திப் போய் அதில் உட்கார்ந்துகொள்வார். மரியாதை தெரியாத மனுஷர் என்று சிலர் நினைத்திருக்கலாம். உண்மை எங்கள் வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். அது செங்கல் சுவர் இல்லை, பலகை. அதை அவர் எனக்காகத்தான் வைத்தார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஆறு வருஷத்தில் வாத்தியாரிடம் நானாகப் போய்ப் பேசியது இரண்டே தடவை. இரண்டும் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கத்தான். கல்யாணப் போட்டோக்களில் ஒன்றில்கூட என் முகம் நேராக இருக்காது. மாலை தெரியும், மூக்குத்தி தெரியும், மற்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தலை தெரியும்.

தோட்டத்து வீட்டில் இருந்தவரை சமாளித்தேன். பின்வாசல் வழியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம். தாமான் வீட்டில் அது முடியவில்லை. படுக்கையறை முன்னால், அடுப்பங்கரை பின்னால், நடுவில் ஹால். ஹாலில் ஆள் உட்கார்ந்துவிட்டால் நான் இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான். ஒரு தீபாவளிக்கு அவருடைய தொழிற்சாலைக் கூட்டாளிகள் ஆறேழு பேர் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் அறைக்குள் மாட்டிக்கொண்டேன். அடுப்பில் ஆட்டுக்கறி கரிந்து வாசனை வாசல் வரைக்கும் வந்தது. அப்போதும் நான் ஹாலைக் கடந்து போகவில்லை. வந்தவர்களில் ஒருத்தர்தான் போய் அடுப்பை அணைத்தார்.

அடுத்த வாரமே அவர் லாரியில் பலகை கொண்டுவந்து இறக்கினார். அவர் வேலை செய்த தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய பெட்டிகளில் மெஷின் வரும். பெட்டியைப் பிரித்த பிறகு பலகையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சொல்லிவிட்டு எடுத்து வந்தார். ஹாலின் ஓரமாக, படுக்கையறைக் கதவிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் சட்டம் அடித்து, பலகை அறைந்து, எனக்கு மட்டும் ஒரு சந்து உண்டாக்கிக் கொடுத்தார். இரண்டு முனையிலும் கதவு. ஹால் பக்கம் பூசி, தேய்த்து, மற்ற சுவருக்கு அடித்த அதே இளம்பச்சைப் பெயிண்ட் அடித்தார். பார்த்தால் கல் சுவரேதான்.

என் பக்கத்துக்குப் பெயிண்ட் பத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டார். அதனால் பலகையில் முதலிலேயே இருந்த படங்கள் என் பக்கம் தெரிந்தன. காம்பு வைத்த ஒரு கண்ணாடித் தம்ளர், விரித்த ஒரு குடை, பக்கத்தில் இரண்டு அம்புகள், கீழே சிவப்பில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. எல்லாமே தலைகீழாக இருந்தன. அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. பலகைக்குக்கூடப் படம் போட்டு அனுப்புகிறார்களே, வெள்ளைக்காரன் ரசனைக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தில் ஒரு முக்காலி போட்டேன். பிறகு தையல் மெஷின் வந்தது. பிறகு ஒரு சின்ன இரும்புக் கட்டிலும் வந்தது. அவர் அதை என் ஆபீஸ் என்பார். "இன்னிக்கு ஆபீஸ் தொறந்தாச்சா?" என்று ஹாலிலிருந்து கேட்பார். விருந்தாளி வந்தால் நான் டீ கலக்கி, கதவை ஒரு சாண் திறந்து தட்டை நீட்டுவேன். அவர் வாங்கிக்கொள்வார். "உங்க வூட்டுல டீ தானா வருதே" என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள். உள்ளே உட்கார்ந்து நானும் சிரிப்பேன். பலகைதானே, எல்லாம் கேட்கும். யார் வீட்டில் சண்டை, யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆபீஸ் நடந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு என் தங்கச்சி கூப்பிட்டாள். அவள் இருப்பது பொந்தியானில். உலகத்தில் நான் மூச்சு விடாமல் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவள் வீட்டை ஒட்டின வீடு விலைக்கு வந்தது. நடுவில் இடுப்பளவு கம்பி வேலி மட்டும். இங்கிருந்து குழம்புக் கிண்ணத்தை நீட்டினால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். என் வீடு விற்றால்தான் அதை வாங்க முடியும். அந்த வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனுஷர். மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன், அதற்குள் உங்கள் வீட்டை வாங்குகிறவர்களுக்குப் பேங்கு கடன் தருகிறோம் என்று கடிதம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருத்தர் ரெடியாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். தங்கச்சி தினம் சாயந்திரம் போன் போடுவாள். "அக்கா, கடுதாசி வந்துச்சா? அந்த ஆளு இன்னிக்கும் வந்து வேலிய அளந்து பாத்துட்டுப் போறான்க்கா!"

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் போனிலேயே ஏஜெண்ட் பிடித்துக் கொடுத்தான். நம்ம தமிழ்ப் பொண்ணுதான். கலகலவென்று பேசும். வந்த அன்றே ஹாலைச் சுற்றிப் பார்த்து, "ஆன்ட்டி, இந்த நாற்காலிய வெளிய போட்டுருங்க. ஹால் பெருசா தெரியணும் லா" என்றது. அந்த நாற்காலி ஏன் அங்கே கிடக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்காலி வாசலுக்குப் போனது. என் ஆபீஸைப் பார்த்துவிட்டு, "ஓ, மூணாவது ரூமா!" என்று எழுதிக்கொண்டது. 

வீடு பார்க்க ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்து விற்கிறவர். அவர்கள் ஆபீஸை எட்டிப் பார்த்தபோது மறுமுனைக் கதவால் நழுவிவிட்டு, பிறகு நான் உள்ளே முக்காலிக்கே திரும்பியிருந்தேன். அவர் சுவர் கிட்டே வந்து நின்று மலாயில் கேட்டது அப்படியே காதில் விழுந்தது.

"இந்தச் சுவரை உடைக்கலாமா? எனக்குத் துணி விரிச்சு வெட்ட நீளமா இடம் வேணும்."

"போலே, போலே" என்றது நம் பொண்ணு. உடைக்கலாம், தாராளமாக உடைக்கலாம் என்று.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சாயந்திரம் தங்கச்சியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள், "அக்கா, வித்த பொறவு அது அவங்க வூடு. நீ என்னா, சுவரையும் பொந்தியானுக்குத் தூக்கிட்டு வரப்போறியா?" என்றாள். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பேங்கு அனுப்பிய சர்வேயர் வந்தார். அவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பேங்கு கடிதம் தரும். அதனால் காலையிலேயே ஹாலை ஒரு தடவை துடைத்தேன். மனசு கேட்கவில்லை. வாசனைத் தண்ணீர் ஊற்றி இன்னொரு தடவை துடைத்தேன். தரை கண்ணாடி மாதிரி ஆனது. சாமி விளக்கை ஏற்றிவிட்டு, ஒரு மக் டீயும் நாலு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வந்தவர் மலாய்க்காரர். ஐம்பது வயது இருக்கும், நல்ல ஆகிருதி. கதவு இடுக்கில் பார்த்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். சாமி மேடையைப் பார்த்ததும், "படம் எடுக்கலாமா? வீட்டுக்காரங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று ஏஜெண்டைக் கேட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

முழு ஹாலும் படத்துக்குள் வர வேண்டும் போலிருக்கிறது. பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். நான் ஒரு பிஸ்கட்டை டீயில் முக்கினேன்.

சர்ரென்று ஒரு சத்தம். காலுறையும் என் இரண்டாவது துடைப்பும் சேர்ந்து செய்த வேலை. அடுத்தது தொம் என்று ஒன்று. அதற்கப்புறம் சுவர் முனகியது. நிஜமாகவே முனகியது, தூக்கத்தில் எழுப்பினால் மனுஷர் முனகுவார்களே அந்த மாதிரி. நடுவில் இருந்த இரண்டு பலகையும் சட்டத்தோடு சேர்ந்து மெதுவாக என் பக்கம் சாய்ந்து வந்து, இரும்புக் கட்டிலில் முட்டிக்கொண்டு சரிவாக நின்றன. அதன் மேல் சர்வேயர். பிள்ளைகள் சறுக்குமரத்தில் வருவது போல வழுக்கி வந்து, என் முக்காலிக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தார். கேமரா மட்டும் கையில் பத்திரமாக உயரத் தூக்கியபடி இருந்தது. பின்னாலேயே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வந்து அவர் மடியில் விழுந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். முக்கின பிஸ்கட் ஊறி, அறுந்து, டீக்குள் விழுந்தது.

"மாஃப், மக்சிக், மாஃப்" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று.

 மலாயில் வாய்க்கு முதலில் வந்ததைக் கேட்டேன்: "சூடா மக்கான்?" சாப்பிட்டாச்சா?

"அலமாக்!" ஏஜெண்ட் ஓடி வந்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. "ஆன்ட்டி! நீங்க உள்ளயா இருந்தீங்க? அடி ஏதும் பட்டுச்சா? ஐயோ, சுவரு எங்க?"

அடி யாருக்கும் இல்லை. அவர் முழங்கையில் கொஞ்சம் பச்சைப் பெயிண்ட், அவ்வளவுதான். எழுந்து கீழே குனிந்து பார்த்தார். சட்டத்தின் அடிப்பாகத்தைக் கரையான் தின்று பொரி மாதிரி ஆக்கியிருந்தது. நான் தினம் பெருக்கும் இடம், எனக்கே தெரியாது.

ஏஜெண்ட் என் காதோடு வந்து தமிழில், "ஆன்ட்டி, நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கிறேன். அவங்க கம்பெனிக்கு இன்சூரன்ஸ் இருக்கும். கல்லுச் சுவரு, நல்லா இருந்துச்சு, இடிச்சிட்டாருன்னு சொல்லிருவோம்" என்றது.

நான் தரையைக் காட்டினேன். "கல்லு எங்கம்மா?"

ஏஜெண்ட் தரையைப் பார்த்தது. வெறும் பலகை. ஒரு செங்கல்கூட இல்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டது.

சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இப்படி வேலை நேரத்தில் ஏதாவது சேதம் பண்ணிவிட்டால் அவர் ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டும். பைல் அப்படியே நிற்கும். வேறு ஒருத்தர் வந்து சேதத்தைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் வீட்டை மறுபடி பார்ப்பார்கள். "ரெண்டு மூணு வாரம் ஆகலாம், மக்சிக். என் தப்புதான். மறைக்க மாட்டேன்."

இரண்டு மூன்று வாரம். மாதக் கடைசிக்கு இருந்தது பத்து நாள். வேலியை அளந்துகொண்டு நிற்கும் அந்த ஆள் என் கண் முன்னால் வந்தான். முகம்கூடத் தெரியாது, ஆனால் வந்தான்.

அதற்குள் சர்வேயர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். எங்கள் வீட்டு பிளான். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிளானில் ரெண்டு ரூம்தான் இருக்கு. இங்கே சுவரே இல்லையே" என்றார். ஏஜெண்ட் தன் போனையே பார்த்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "மக்சிக், இதை யார் வச்சது? எதுக்கு வச்சது?"

ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். ஒளிகிற இடம்தான் கட்டில் மேல் சாய்ந்து கிடந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றேன். கொஞ்சம் உரக்க மறுபடி சொன்னேன். "என் வீட்டுக்காரர் வச்சது. ஏன்னா... சாயா மாலு." எனக்குக் கூச்சம் என்று.

அவர் என்னைப் பார்த்தார். மக்கைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், அந்தச் சந்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், பாவம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவருக்கு வயிறு குலுங்கியது.

பிறகு தலையைச் சாய்த்து, பலகையில் இருந்த சிவப்பு எழுத்தைத் தலைகீழாகவே படித்தார். "மக்சிக், இதில் என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

"தெரியாது. படம்தான் தெரியும்."

"சீக்கிரம் உடையும், பத்திரம்னு எழுதியிருக்கு. தம்ளர் படமும் அதுக்குத்தான். குடைன்னா மழையில் நனைக்காதே. அம்பு எந்தப் பக்கம் மேல இருக்கணும்னு காட்டுது. உங்க வீட்டுக்காரர் தலைகீழா அடிச்சிருக்கார்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எச்சரிக்கையை உங்க பக்கம் வச்சிட்டு, சாயுறவங்க பக்கம் பெயிண்ட் அடிச்சிட்டாரே!"

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். மலாயில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்படியே உள்ளதை எழுதுங்க. நான் தரையை ரெண்டு தடவை துடைச்சேன், நீங்க வழுக்கிட்டீங்க. சுவர் பிளானில் இல்லை. கரையான் தின்னது. எனக்கு இதுக்கு ஒண்ணும் வேணாம், கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வாங்குறவங்களும் இதை உடைக்கத்தான் போறாங்க."

ஏஜெண்ட் நிமிர்ந்தது. "ஆன்ட்டி, அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே!"

"துணி வெட்ட எடம் வேணும்னு அந்த அம்மா கேட்டாங்க. நீ போலே போலேன்னு சொன்ன."

"அன்னிக்கு நீங்க கோயிலுக்குப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன்!"

"இங்கதான் இருந்தேன்" என்று முக்காலியைக் காட்டினேன். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இதுவரை என்னவெல்லாம் பேசினோம் என்று மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது போல. நான் உதவி செய்யவில்லை.

சர்வேயர் யோசித்தார். பிளானில் இல்லாத சுவர் நின்றுகொண்டிருந்திருந்தால் அதை அவர் குறையாக எழுத வேண்டி வந்திருக்குமாம். மூன்றாவது ரூமைக் கணக்கில் சேர்க்கவும் முடியாதாம். இப்போது அது விழுந்துவிட்டது. வாங்குகிறவரும் வேண்டாம் என்று சொல்லி, நானும் எழுதிக் கொடுத்தால், நடந்ததை நடந்தபடி எழுதி, மீதிப் பலகையையும் எடுத்த பிறகு வீட்டை இன்றைக்கே முழுசாகப் பார்த்து முடிக்கலாமா என்று ஆபீஸைக் கேட்கிறேன் என்றார். போன் பேச வாசலுக்குப் போனார். வெளியே கிடந்த பிரம்பு நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குள் ஏஜெண்ட் அந்தச் சீன அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தது. மூணு ரூம் இல்லை, ரெண்டுதான், சுவர் விழுந்துவிட்டது என்று பயந்து பயந்து சொன்னது. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"விழுந்துருச்சா? அட, நல்லது லா! என் வீட்டுக்காரர் உடைக்கிறேன் உடைக்கிறேன்னு சொல்லுவார், ரெண்டு வருஷம் ஆகும். யார் உடைச்சது? பேங்க் ஆளா? ரொம்ப நல்ல பேங்க்!"

ஆபீஸும் சரி என்றது. சர்வேயர் சட்டைக் கையை மடித்துவிட்டார். காலுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நான் என் வீட்டுக்காரருடைய சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஆணியைப் பிடுங்க, ஏஜெண்ட் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒரு முனையைப் பிடிக்க, நான் இன்னொரு முனையைப் பிடிக்க, மிச்சப் பலகைகளும் ஒவ்வொன்றாக வாசலுக்குப் போயின. கடைசிப் பலகை எடுத்தபோது ஜன்னல் வெளிச்சம் நேராகத் தையல் மெஷின் வரைக்கும் வந்து விழுந்தது. அந்த மெஷின் மேல் அவ்வளவு தூசி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் மறுபடி ஹாலைப் படம் எடுத்தார். "மக்சிக், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல் நான் இப்படியும் அப்படியும் போனேன். எடுத்த பிறகு காட்டினார். படத்தின் ஓரத்தில் பாதி நான், கையில் மக்கோடு. முகம் நேராக இருந்தது. வேறு எடுக்கிறேன் என்றார். பரவாயில்லை, இருக்கட்டும் என்றேன். இப்போது அந்தப் படம் பேங்கில் ஏதோ ஒரு பைலில் இருக்கிறது.

போகும்போது அவருக்கு ஒரு மக் டீ கொடுத்தேன். ஹாலில் வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு வழி இல்லையே.

கடிதம் மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. தங்கச்சி போனில் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம். அளந்துகொண்டிருந்த ஆள் அதற்கப்புறம் வரவே இல்லை.

பொந்தியானுக்கு வந்தபோது லாரியில் ஒரு பலகையும் வந்தது. தம்ளர் படம் போட்டது. தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சொன்ன மாதிரியே சுவரத் தூக்கிட்டு வந்துட்டியேக்கா!" என்றாள். அவளுடைய கோழிகள் வேலிக்குள் நுழைந்து என் வெந்தயக்கீரைப் பாத்தியைக் கிளறுகின்றன. அதற்கு மறைப்பாகப் பலகையை வேலியோடு சேர்த்துக் கட்டினோம். அவள்தான் முதலில் நிறுத்தி வைத்தாள், தலைகீழாக. நான் பிரித்துத் திருப்பிக் கட்டச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் இருந்தா என்னாக்கா? கோழிக்கா தெரியப் போவுது?"

"அம்பு மேல பாக்கணும்" என்றேன். "அப்படித்தான் எழுதியிருக்கு."

"அடேங்கப்பா, படிச்சவங்க!" என்றாள்.

குடை நிமிர்ந்தது, தம்ளர் நிமிர்ந்தது, அம்புகள் வானத்தைக் காட்டுகின்றன. கோழிகள் கீழே நுழைவதை விட்டுவிட்டன. இப்போது ஒரு சிவப்புக் கோழி தினம் காலையில் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நான் விரட்டுவதில்லை. அது சாயவில்லையே.